அந்நியரின் மஜ்ஜை

1958ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள். யுகோஸ்லாவியத் தலைநகர் பெல்கிரேடை அடுத்த வின்ச்சா என்னும் ஊரில் இருந்த அணு ஆய்வுக்கூடத்தில் ஒரு சிறிய உலையைச் சுற்றி ஆறு பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். பெரும்பாலோர் இருபதுகளில் இருந்த இளைஞர்கள். அந்த உலைக்குக் கதிர்வீச்சைத் தடுக்கும் சுவர் கிடையாது. காற்றில் ஓசோனின் வாடை அடிப்பதை அவர்களில் ஒருவர் உணர்ந்தபோதுதான் உலை கட்டுமீறியது தெரிந்தது. அதற்குள் ஆறு பேரின் உடல்களிலும் நியூட்ரான்களும் காமா கதிர்களும் ஊடுருவிச் சென்றிருந்தன. சில நாட்களுக்குள் அவர்கள் பாரிஸில் உள்ள கியூரி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள்.

அங்கே அவர்களை ஏற்றுக்கொண்டவர் ஜார்ஜ் மத்தே. உலகப்போரின்போது பிரெஞ்சு எதிர்ப்பியக்கத்தில் இருந்தவர். கதிர்வீச்சு உடலில் முதலில் அழிப்பது எலும்பு மஜ்ஜையை என்பது ஹிரோஷிமாவுக்குப் பிறகு மருத்துவ உலகம் நன்கு அறிந்த உண்மை. இடுப்பெலும்பு, மார்பெலும்பு போன்றவற்றின் உள்ளே இருக்கும் மென்மையான அந்தத் திசுதான் சிவப்பணுக்களையும் வெள்ளையணுக்களையும் தட்டணுக்களையும் ஓயாமல் உருவாக்கிக்கொண்டிருக்கிறது. அது நின்றுபோனால் சில வாரங்களில் மனிதன் தொற்றாலோ இரத்தப்போக்காலோ இறந்துவிடுவான். எலிகளில் வேற்று மஜ்ஜையைச் செலுத்தி உயிர் காக்க முடியும் என்று அப்போது நிறுவப்பட்டிருந்தது. மனிதர்களில் செய்துபார்க்க யாருடைய மஜ்ஜையை எடுப்பது?

பிரெஞ்சுக்காரர்கள் சிலர் முன்வந்தார்கள். அவர்களுள் பிள்ளைகளைப் பெற்ற ஒரு தாயும் உண்டு. மத்தேயின் குழுவில் இருந்த லியோன் ஷ்வார்ஸன்பெர்க் என்ற மருத்துவரும் உண்டு. (இவர் 1988இல் பிரான்ஸின் சுகாதார அமைச்சராகி, மனதில் பட்டதை வெளிப்படையாகப் பேசியதால் ஒன்பதே நாளில் பதவியிழந்தார். அது வேறு கதை.) மொழி தெரியாத, முகம் தெரியாத, வேற்று நாடொன்றின் நோயாளிகளுக்காக அவர்கள் தம் எலும்புகளுக்குள் ஊசியை அனுமதித்தார்கள். இப்படிக் கொடுப்பது மிக அரிதாக இருந்த காலம் அது. ஐந்து பேருக்கு மஜ்ஜை செலுத்தப்பட்டது. ஒருவர் இறந்தார், நால்வர் பிழைத்தார்கள். செலுத்தப்பட்ட மஜ்ஜை நெடுநாள் நிலைக்கவில்லை, நோயாளிகளின் சொந்த மஜ்ஜையே மெல்ல மீண்டுவிட்டது. ஆகவே அந்தச் சிகிச்சைதான் அவர்களைக் காப்பாற்றியதா என்ற கேள்விக்கு இன்றுவரை தீர்ப்பில்லை. எனினும் உறவல்லாத ஒருவரின் மஜ்ஜை இன்னொருவரின் உடலில் புகுந்த வரலாறு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

விபத்து செய்ததையே வேண்டுமென்று செய்தால் என்ன என்பதுதான் இரத்தப்புற்று மருத்துவர்களின் எண்ணம். லுகீமியா என்பது மஜ்ஜையிலேயே தோன்றும் புற்று. மஜ்ஜை முழுவதையும் கதிர்வீச்சால் எரித்துவிட்டுப் புதிய மஜ்ஜையை ஊன்றிவிடலாம் அல்லவா? அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் கூப்பர்ஸ்டவுன் என்ற சிற்றூரில் டோனல் தாமஸ் அதைத்தான் முயன்றார். இரட்டையர்களில் ஒருவருக்கு நோய் வந்தால் மற்றவரின் மஜ்ஜையைக் கொடுப்பது மிகப் பாதுகாப்பான வழி என்று தோன்றியது. உடல் அதை மறுக்கவில்லை. மஜ்ஜை வேர்பிடித்தது. ஆனால் சில மாதங்களில் புற்று திரும்பி வந்துவிட்டது.

மறுபுறம், இரட்டையர் அல்லாதவர்களின் மஜ்ஜை வேறொரு கொடுமையைச் செய்தது. புதிதாக வந்த வெள்ளையணுக்கள் தாங்கள் குடியேறிய உடலையே எதிரியெனக் கருதித் தோலையும் குடலையும் ஈரலையும் தாக்கின. பொதுவாக உறுப்பு மாற்றத்தில் உடல் உறுப்பை நிராகரிக்கும். இங்கே உறுப்பு உடலை நிராகரித்தது. ஆனால் இந்தத் தாக்குதலின் சிறு அளவு எஞ்சியிருக்கும் புற்றணுக்களையும் தேடிக் கொல்கிறது என்பதை மத்தே முதலானோர் கண்டுகொண்டார்கள். இரட்டையரின் மஜ்ஜை தோற்றதற்கு விளக்கம் இதில் இருக்கிறது. அது தன்னைப் போலவே இருந்ததால் புற்றை அந்நியமாக உணரவில்லை. அப்படியானால் கொடுப்பவர் ஒத்தவராகவும் இருக்கவேண்டும், வேறொருவராகவும் இருக்கவேண்டும். மருத்துவ வரலாற்றில் இத்தனை நுட்பமான முரணை நான் வேறெங்கும் படித்ததில்லை.

அந்த ஒற்றுமையை அளக்கும் கோலும் பாரிஸிலேயே, அதே 1958இல் கிடைத்தது. ழான் தோசே வெள்ளையணுக்களின் மேற்பரப்பில் ஆளுக்கு ஆள் மாறுபடும் அடையாளங்களில் முதலாவதைக் கண்டறிந்து வெளியிட்டார். எச்.எல்.ஏ. என்று இன்று அழைக்கப்படும் இந்த அடையாளங்களில் பாதி தந்தையிடமிருந்தும் பாதி தாயிடமிருந்தும் வருபவை. ஆகவே உடன்பிறந்த ஒருவர் முழுமையாக ஒத்திருக்க நான்கில் ஒரு வாய்ப்புதான் உண்டு. 1960களில் பலர் கைவிட்டுவிட்ட இத்துறையை சியாட்டில் நகருக்குச் சென்ற தாமஸ் நாய்களிடம் பல்லாண்டு சோதித்து மீட்டெடுத்தார். 1990இல் நோபல் பரிசு அவரைத் தேடிவந்தது. ஒத்த உடன்பிறப்பு இருந்தவர்களுக்கு வழி திறந்தது. இல்லாதவர்கள்?

இந்த இடத்தில் மருத்துவர்களின் வரலாறு தாய்மார்களின் வரலாறாகிறது. 1973இல் லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் குழந்தைகள் மருத்துவமனையில், இரண்டு வயதுகூட நிரம்பாத சைமன் போஸ்டிக் என்ற சிறுவனுக்கு உறவல்லாத ஒருவரின் மஜ்ஜை வெற்றிகரமாகப் பொருத்தப்பட்டது. அவனுடைய நோய் புற்று அல்ல, பிறவியிலேயே வந்த நோயெதிர்ப்புக் குறைபாடு. கொடையாளரைக் கண்டுபிடிக்க அவனுடைய தாய் பத்திரிகைகள் வழியாகப் பொதுமக்களிடம் வேண்டுகோள் விடுத்திருந்தார். இந்தச் செய்தி ஆஸ்திரேலியாவில் இருந்த ஷெர்லி நோலனை எட்டியது. அவருடைய மகன் ஆன்டனிக்கும் விஸ்காட்-ஆல்ட்ரிச் என்ற பிறவிக் குறைபாடு. குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவர் லண்டன் வந்துசேர்ந்தார்.

ஒவ்வொரு நோயாளிக்கும் ஒவ்வொரு முறையும் ஊரைக் கூட்டித் தேடுவதில் பொருளில்லை என்பது அவருக்குப் புரிந்தது. கொடுக்க விரும்புவோரின் அடையாளங்களை முன்கூட்டியே சோதித்து எழுதி வைத்தால் என்ன? 1974இல் அவர் தொடங்கியதுதான் உலகின் முதல் மஜ்ஜைக் கொடையாளர் பதிவேடு. இன்று நமக்கு இது எளிய எண்ணமாகத் தோன்றலாம். கணினி பரவலாகாத காலத்தில், யாருக்கு, எப்போது என்று தெரியாத ஒரு கொடைக்காக ஆயிரக்கணக்கானோரிடம் இரத்தம் கேட்டு நிற்பதை எண்ணிப்பார்க்க வேண்டும். ஆன்டனிக்குப் பொருத்தமானவர் கடைசிவரை கிடைக்கவில்லை. 1979 அக்டோபரில், எட்டு வயது நிறைவதற்குள் அவன் இறந்தான். பதிவேடு நிற்கவில்லை. நடுக்குவாத நோயால் பல ஆண்டுகள் துன்புற்ற ஷெர்லி நோலன், தன் சாவைத் தானே தேர்ந்தெடுக்கும் உரிமைக்காகவும் குரல் கொடுத்து, 2002இல் ஆஸ்திரேலியாவில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். அவருடைய மகனின் பெயரில் அந்த அமைப்பு இன்றும் பிரிட்டனில் இயங்குகிறது.

ஆன்டனி இறந்த அதே 1979இல் சியாட்டிலில் லாரா கிரேவ்ஸ் என்ற பத்து வயதுச் சிறுமிக்கு உறவல்லாதவரின் மஜ்ஜை செலுத்தப்பட்டது. அவளுக்கு வந்திருந்தது லுகீமியா. அவளுக்குப் பொருந்தியவர் அந்த ஆய்வு மையத்திலேயே பணிபுரிந்த ஊழியர் என்பது தற்செயலின் உச்சம். ஏறத்தாழ இரண்டாண்டுகளில் நோய் திரும்பி அவளும் இறந்தாள். தற்செயலை நம்பியிருக்கக் கூடாது என்று அவளுடைய பெற்றோர் நாடாளுமன்ற உறுப்பினர்களை விடாமல் அணுகினார்கள். 1986இல் அமெரிக்கத் தேசியப் பதிவேடு உருவானது. பணம் கொடுத்தது கடற்படை! அணுப்போரிலோ வேதிப்போரிலோ மஜ்ஜை அழிந்துபோகும் வீரர்களுக்கு இது உதவும் என்ற கணக்கு. அதன் நிர்வாகக் குழுவின் முதல் தலைவர் அட்மிரல் எல்மோ சும்வால்ட். வியட்நாமின் ஆற்றங்கரைக் காடுகளில் ஏஜன்ட் ஆரஞ்ச் என்ற நச்சைத் தெளிக்க ஆணையிட்டவர் அவர். அந்த ஆறுகளில் படகுத்தலைவனாக இருந்த அவருடைய மகன் புற்றுநோயால் 1988இல் இறந்தான். அந்த நச்சே காரணம் என்று தந்தையும் மகனும் நம்பினார்கள்.

இந்தியாவில் முதல் மஜ்ஜை மாற்றம் 1983இல் மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் நடந்தது. 1986இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் மேமன் சாண்டியின் தலைமையில் இப்பணி தொடங்கியது. அப்போதெல்லாம் கொடுப்பவர் பெரும்பாலும் அண்ணனோ தங்கையோதான். சென்னையில் தாத்ரி பதிவேடு தோன்ற 2009 ஆகவேண்டியிருந்தது. இந்தத் தாமதத்தின் விலை சிறிதல்ல. எச்.எல்.ஏ. அடையாளங்கள் வம்சாவளியோடு பிணைந்தவை. ஒரே அமெரிக்கப் பதிவேட்டில் தேடினாலும் ஐரோப்பிய வழிவந்தவருக்கு நூற்றில் 75 வாய்ப்பும், தென், மத்திய அமெரிக்கக் கறுப்பினத்தவருக்கு 16 வாய்ப்பும்தான் இருப்பதாக 2014இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. தலைமுறை தலைமுறையாகத் தத்தம் சாதிக்குள்ளேயே மணம் முடித்துவந்த நம்மவருக்குப் பொருத்தம் வேறு கண்டத்துப் பட்டியலில் கிடைப்பது அரிது. 2007இல் கலிஃபோர்னியாவில் லுகீமியா கண்ட இரண்டு இந்திய வம்சாவளி இளைஞர்களுக்காக நண்பர்கள் பதினோரு வாரங்களில் 24,000க்கும் மேற்பட்ட தெற்காசியர்களைப் பதிவு செய்யவைத்தார்கள். இருவரும் மறு ஆண்டு இறந்துவிட்டார்கள். அந்தப் பெயர்கள் பட்டியலில் இருக்கின்றன. பாதியே பொருந்தும் பெற்றோரையோ பிள்ளையையோ கொண்டு செய்யும் முறை பின்னர் பரவியிருக்கிறது என்றாலும் பட்டியலின் தேவை தீரவில்லை.

பதிவு செய்வது எளிது. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தடவிக் கொடுத்தால் போதும். கொடை என்றதும் முதுகுத்தண்டில் துளையிடுவார்கள் என்று நம் ஊரில் பலர் அஞ்சுகிறார்கள். முதுகுத்தண்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை. மயக்கநிலையில் இடுப்பெலும்பின் பின்புறத்திலிருந்து ஊசியால் எடுப்பது ஒரு முறை. பெரும்பாலும் இப்போது செய்வது, சில நாட்கள் ஊசிமருந்து போட்டு மூலச்செல்களை இரத்தத்தில் பெருகவைத்து, ஒரு கையிலிருந்து இரத்தத்தை இயந்திரத்துக்கு அனுப்பிச் செல்களை மட்டும் பிரித்துக்கொண்டு மறுகை வழியே திருப்பிவிடுவது. எலும்புவலி சில நாட்கள் இருக்கும். எடுத்த மஜ்ஜை வாரங்களில் மீண்டும் ஊறிவிடும்.

கடினமானது வேறொன்று. பதிந்து பல ஆண்டுகள் கழித்து ஒருநாள் தொலைபேசி ஒலிக்கும்போது பலர் பின்வாங்கிவிடுகிறார்கள். வீட்டார் தடுக்கிறார்கள், மனம் மாறிவிடுகிறது. சட்டப்படி எந்தக் கணத்திலும் மறுக்கலாம். ஆனால் சம்மதம் உறுதியானபின் நோயாளியின் மஜ்ஜையை மருந்தால் அழிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அந்தச் சில நாட்களில் வின்ச்சாவின் ஆறு பேர் இருந்த நிலையில்தான் அவர் இருக்கிறார். அப்போது கொடையாளர் மறுத்தால் திரும்பிச்செல்ல அவருக்குச் சொந்த மஜ்ஜை இல்லை. வேண்டாம் என்று சொல்வதானால் முதல் அழைப்பிலேயே சொல்லிவிடுவது நல்லது.

கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும் ஒருவரையொருவர் தெரியக் கூடாது என்பது பெரும்பாலான பதிவேடுகளின் விதி. ஓரிரு ஆண்டுகள் கழிந்தபின் இருவரும் விரும்பினால் சில நாடுகளில் சந்திக்கலாம். இதற்கிடையே பெற்றவரின் உடலில் இரத்த வகையே கொடுத்தவருடையதாக மாறியிருக்கும். ஓர் ஆணின் மஜ்ஜையைப் பெற்ற பெண்ணின் இரத்தத்தைச் சோதித்தால் அதில் ஆணின் ஒய் குரோமோசோம் தென்படும். அவர் பெயர் என்ன, எந்த ஊர் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்காது.