ஜாவாவின் மேலங்கி

துனிசியாவின் தென்பகுதியில், சகாராவின் விளிம்பில், பகல் எவ்வளவு சுட்டாலும் குளிர்கால இரவு நடுக்கும். தலையையும் சேர்த்து மூடும் கம்பளி மேலங்கி அங்கே ஆண்களின் பழைய உடை. 1976 மார்ச்சில் ‘ஸ்டார் வார்ஸ்’ படப்பிடிப்புக் குழு அந்தப் பக்கம் போய் இறங்கியது. பாலைவனத்தில் கைவிடப்பட்ட இயந்திரங்களைப் பொறுக்கி விற்றுப் பிழைக்கும் குள்ள இனம் ஒன்று அந்தப் படத்தில் வருகிறது. பெயர் ஜாவா. முகம் தெரியாது. முக்காட்டின் இருளுக்குள் மின்னும் இரண்டு கண்கள், கீழே தரையைத் தொடும் முரட்டுப் பழுப்பு அங்கி, அவ்வளவுதான். அந்த மண்ணின் மேலங்கிச் சாயல் பார்த்த மாத்திரத்தில் தெரியும். படத்தின் உடைகளை வடிவமைத்த ஜான் மோலோவுக்கு ஆஸ்கர் கிடைத்தது. மற்ற பாத்திரங்களுக்கு உடை ஓர் அலங்காரம். ஜாவாவுக்கு உடைதான் உருவமே.

அந்த அங்கி இரண்டே ஆண்டுகளில் விரல் நீளத்துக்குச் சுருங்கி, குழந்தைகளின் கைக்கு வந்தது.

பொம்மை உரிமையை வாங்கியிருந்தது ஒகையோ மாநிலத்துச் சின்சினாட்டியில் இருந்த கென்னர் நிறுவனம். 1977 மே 25 அன்று வெளியான படம் இப்படி ஓடும் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை. கிறிஸ்துமஸுக்குள் பொம்மை தயாராகாததால், அட்டை உறைக்குள் ஒரு சான்றிதழை வைத்து விற்றார்கள். அதை அஞ்சலில் அனுப்பினால் முதல் பொம்மைகள் 1978-இல் வீட்டுக்கு வரும். அதற்குமுன் அமெரிக்கச் சிறுவர்களிடம் இருந்தவை பெரும்பாலும் பெரிய பொம்மைகள்: 1964-இல் வந்த ஜி.ஐ. ஜோ 12 அங்குலம், மேகோ நிறுவனத்தின் வீரர்கள் 8 அங்குலம். இரண்டுக்கும் தைத்த துணி உடைகள். கென்னர் 3¾ அங்குலத்துக்கு இறங்கியது. அந்த உயரம் என்றால்தான் பொம்மைகள் ஏறி உட்காரும் விண்கலங்களையும் கட்டுப்படியாகும் விலையில் செய்து விற்க முடியும்.

உயரம் குறைந்ததும் தையல் போய்விட்டது. சட்டையும் கால்சட்டையும் பிளாஸ்டிக் உடம்போடு சேர்ந்தே வார்க்கப்பட்டன. முதலில் வந்த 12 பொம்மைகளில் ஐந்துக்கு மட்டும் தனி மேலங்கி. அதுவும் வினைல் தகடு. அந்த ஐந்தில் ஒன்று ஜாவா. அதன் உயரம் ஏறத்தாழ 2¼ அங்குலம்தான். விலையோ மற்றவற்றுக்கு வைத்த அதே விலை. குட்டிப் பொம்மையின் தோளில் ஒரு வினைல் துண்டு, கொடுத்த காசுக்கு மலிவாகத் தெரிந்தது. ஆகவே 1978-லேயே கென்னர் அதை மாற்றி, முக்காடு வைத்துத் தைத்த பழுப்புத் துணி அங்கியை அணிவித்தது. மெக்சிகோவில் இதே பொம்மைகளைத் தயாரித்த லிலி லெடி நிறுவனம் தன் ஜாவாவுக்குக் கழற்றி மாட்டக்கூடிய முக்காடே வைத்தது.

வினைல் அங்கி கொஞ்ச நாளே கடையில் இருந்ததால், அட்டை பிரிக்காத அந்த ஜாவா இன்று பல ஆயிரம் டாலருக்குப் போகிறது. அரிதானது என்பதற்கான விலை அது. நல்ல மேலங்கி எது என்று என்னைக் கேட்டால் துணியைத்தான் சொல்வேன். படத்தில் நாம் பார்த்த ஜாவா அதற்குள்தான் இருக்கிறது.

துணி அங்கிக்கு ஒரு குறை உண்டு: தொலைந்துபோகும். கழற்றி மாட்டக் கூடியதைக் குழந்தைகள் கழற்றாமல் விடுவார்களா? மார்பில் குறுக்கு வார் செதுக்கிய வெற்றுடம்போடு எத்தனையோ ஜாவாக்கள் பழைய பெட்டிகளிலிருந்து வெளியே வந்தன. அவற்றுக்கு மறுபடி உடுத்திவிட உட்கார்ந்தவர்களின் கைவேலைதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

3¾ அங்குலப் பொம்மை என்பது மனிதனில் 18-இல் ஒரு பங்கு. உடம்பைச் சுருக்கலாம், நூலைச் சுருக்க முடியாது. ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள துணியை அதன்மேல் போட்டால், நாம் 18 மில்லிமீட்டர் கனமுள்ள மெத்தையைப் போர்த்திக்கொண்டது போலிருக்கும். இன்னொரு சிக்கலும் உண்டு. துண்டு சிறுக்கச் சிறுக்க அதைக் கீழே இழுக்கும் எடை குறைகிறது, இழையின் விறைப்போ அப்படியே இருக்கிறது. அதனால் பெரிய அங்கியில் மடிப்பு மடிப்பாக விழும் துணி, குட்டி அங்கியில் கூடாரம்போல் விரிந்து நிற்கும்.

இதற்கு ஒவ்வொரு கைக்காரரும் தனக்கென்று வழிகள் வைத்திருக்கிறார். துவைத்துத் துவைத்து நைந்த கைக்குட்டை, மல்மல், மெல்லிய பட்டு என்று தேடுவார்கள். புதுத் துணியானால் முதலில் அலசிக் கஞ்சியைப் போக்க வேண்டும். மெல்லிய காகிதத்தைப் பொம்மையின்மேல் சுற்றி அளவெடுத்து, நூலோட்டத்துக்கு 45 பாகை சாய்த்து வெட்டுவார்கள். இப்படிக் கிராஸ் கட்டிங் செய்த துணி குழைந்து விழும். ஓரத்தை மடித்து அடித்தால் தடிமன் இரட்டிப்பாகிவிடும். ஆகவே பிசிறு வராமலிருக்க ஓரத்தில் துணிப்பசையை மெல்லத் தடவுவதோடு நிறுத்திக்கொள்வார்கள். வெள்ளைத் துணியைத் தேயிலைச் சாயத்தில் ஊறவைத்தால் வெயிலில் கிடந்த பழுப்பு ஏறும். கடைசியில் அங்கியை நனைத்து, பிளாஸ்டிக் உறை சுற்றிய பொம்மைக்குப் போட்டு, மடிப்புகளை ஒவ்வொன்றாக விரலால் அமர்த்திக் காயவிட வேண்டும். இந்தக் கட்டத்தில் அவசரப்பட்டால் முன் செய்த வேலை அத்தனையும் வீண்.

இதே திறமையைச் சிலர் திருட்டுக்கும் பயன்படுத்தினார்கள். அதே வரிசையில் வந்த ஓபி-வான் கெனோபி பொம்மையின் வினைல் மேலங்கியைக் கத்தரித்துச் சிறிதாக்கி, சாதாரண ஜாவாவுக்கு மாட்டி, அரிய பொம்மை என்று விற்றார்கள். இதை நான் வெறும் குறும்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஓர் அசல் மேலங்கி வெட்டுப்படுகிறது, வாங்கியவர் ஏமாறுகிறார், நேர்மையாக மாற்று உடை தைப்பவர்கள்மேலும் சந்தேகம் விழுகிறது. புதிதாகத் தைத்ததைப் புதிது என்று சொல்லியே கொடுப்பதும், உள்புறம் ஓர் அடையாளம் வைப்பதும் இந்தத் தொழிலின் குறைந்தபட்ச ஒழுக்கம்.

இன்று சேகரிப்பாளர்கள் பலர் விரும்பி வாங்குவது 6 அங்குலப் பொம்மைகள். மாஃபெக்ஸ் வரிசையின் பேட்மேன் போன்றவை ஓரத்தில் மெல்லிய கம்பி செருகிய துணி மேலங்கியோடு பெட்டியிலிருந்தே வருகின்றன. காற்றில் பறப்பதுபோல் வளைத்து நிறுத்தலாம். அதையும் கழற்றி வைத்துவிட்டு, ஓரம் இன்னும் மெலிதாக, மடிப்பு இன்னும் கீழே இறங்கும்படி வேறொன்று தைத்துப் போடுபவர்கள் இருக்கிறார்கள்.