பொன்னும் பொறியும்

அணி என்னும் சொல்லுக்குத் தமிழில் இருபொருள் உண்டு. உடலுக்கு அழகு சேர்க்கும் நகையும் அணி. செய்யுளுக்கு அழகு சேர்க்கும் நயமும் அணி. நகை வெறும் அழகுப் பொருளாக மட்டும் என்றும் இருந்ததில்லை. முத்திரை மோதிரம் கையொப்பமாயிற்று, தாயத்து காப்பாயிற்று. அவ்வழியிலேயே எந்திரமும் அணியினுள் புகுந்தது. அந்த வரலாறு இரு நூற்றாண்டுகளைக் கடந்தது.

1810ஆம் ஆண்டில் நேப்பிள்ஸ் அரசி கரோலின் மூரா, பாரிசின் புகழ்பெற்ற கடிகாரக் கலைஞர் பிரெகேயிடம் கையில் அணியும் கடிகாரம் ஒன்றைச் செய்யப் பணித்தார். பொன்னிழையோடு கூந்தலிழை பின்னிய பட்டையில் அது அமைந்தது. கடிகாரம் மறைந்துபோயிற்று, பட்டறையின் ஏட்டுக் குறிப்பே எஞ்சியது.

அடுத்து வந்தது மின்சாரம். பாரிசைச் சேர்ந்த கஸ்தாவ் த்ரூவே என்னும் பொறியியல் அறிஞர் 1860களில் சிறு மின்கலம் ஒன்றை உருவாக்கி, அதனால் இயங்கும் நகைகளுக்கு வழிகண்டார். கழுத்துப்பட்டியில் குத்தும் ஊசியின் தலையில் ஒரு மண்டையோடு. மின்சாரம் பாய்ந்ததும் அது கண்ணை உருட்டும், பல்லை நறநறக்கும். மற்றோர் ஊசியில் முயலொன்று குச்சிகளால் மணியைத் தட்டும். மின்கலம் நகையினுள் இல்லை, சட்டைப்பையில் இருந்தது. மெல்லிய கம்பி ஒன்றே இரண்டையும் இணைத்தது.

நூறாண்டு கழித்துக் காட்சி மாறியது. 1972இல் அமெரிக்காவின் ஹாமில்டன் நிறுவனம் 'பல்சர்' என்னும் டிஜிட்டல் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 18 காரட் பொற்கூடு. விலை 2,100 டாலர். பொத்தானை அழுத்தினால் செந்நிற எண்கள் ஒளிரும்; மின்கலம் விரைவில் தீர்ந்துவிடும் என்பதால் மற்ற நேரமெல்லாம் முகம் இருண்டிருக்கும். நான்கே ஆண்டுகளில், 1976இல், டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனம் அதே வகைக் கடிகாரத்தை பிளாஸ்டிக் கூட்டில் 20 டாலருக்கு விற்றது. பொன்னின் மதிப்பு குறையவில்லை. பொறியின் பெருமை சரிந்தது.

இப்பாடம் மறக்கப்பட்டது. 2015இல் ஆப்பிள் நிறுவனம் 18 காரட் பொன்னில் கணினிக் கடிகாரம் செய்து, 10,000 டாலர் முதல் 17,000 டாலர் வரை விலை வைத்தது. அடுத்த ஆண்டே பொன் கைவிடப்பட்டது. 2018இல் வெளிவந்த புதிய மென்பொருள் அம்முதல் தலைமுறைக் கடிகாரத்தை ஏற்கவில்லை. மூன்றே ஆண்டுகளில் அது முதுமை எய்தியது.

அதே காலத்தில் வேறொரு வழியும் தோன்றியது. 2014இல் டோரி பர்ச் என்னும் வடிவமைப்பாளர், நடையை அளக்கும் ஃபிட்பிட் கருவிக்கெனத் துளைவேலை செய்த உலோக வளையும் பதக்கமும் அமைத்தார். கருவியை உள்ளே செருகலாம், வேண்டாதபோது எடுத்துவிடலாம். கருவி பழுதுற்றாலும் வளை வளையாகவே நிற்கும். அறிந்தோ அறியாமலோ த்ரூவேயின் வழிக்கே அது திரும்பியது.

நகை தலைமுறைக்கு உரியது. பாட்டியின் காப்பு பேத்தியின் வளையாகலாம். அழித்துச் செய்தாலும் போவது சேதாரம் மட்டுமே. பொறியோ சில ஆண்டுகளுக்கு உரியது. வேறு வேறு ஆயுள் கொண்ட இரண்டைப் பிரிக்கவியலாதபடி பிணைத்தால், குறுகிய ஆயுளே இரண்டுக்கும் விதியாகிவிடும். இவ்வுண்மையைப் பட்டறையில் இருப்போர் மட்டுமன்றி, செய்யுளுக்கு அணி செய்வோரும் எண்ணிப் பார்க்கலாம்.

த்ரூவேயின் மின்கலத்தால் இயங்கிய மண்டையோட்டு ஊசி ஒன்று இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதைக் குத்தியிருந்தவரின் சட்டைப்பையும் கம்பியும் காலத்தோடு போயின. பொன்னும் அதிற் பதித்த வைரமும் ஒளி குன்றாமல் நிற்கின்றன.