தகர ராக்கெட்டும் திறவாத பெட்டியும்

தோற்றுவாய்

விளையாட்டுப் பொருளைச் சிறுபொருள் என்று ஒதுக்குவது வரலாற்று நோக்குக்குப் பொருந்துவதன்று. காவிரிப்பூம்பட்டினத்தின் செல்வ வளத்தைக் கூற வந்த பட்டினப்பாலை, குதிரை பூட்டாது சிறுவர் உருட்டும் முக்காற் சிறுதேரைக் காட்டுகிறது. அத்தேரின் வழியைத் தடுப்பது, உலர்நெல்லைக் கவர வந்த கோழியை ஓட்ட மகளிர் கழற்றி எறிந்த பொற்குழை. ஒரு துறைமுக நகரின் வாழ்வு முழுவதையும் குழந்தையின் கைத்தேர் ஒன்றன் அருகே நிறுத்திப் பார்க்க முடியும் என்பதற்கு இது சான்று.

பிள்ளைத்தமிழின் அம்புலிப் பருவம், குழந்தையோடு விளையாட வருமாறு நிலவை மண்ணுக்கு அழைக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் பொம்மைத் தொழில் இம்முறையை மாற்றிக் குழந்தையை நிலவுக்கு அனுப்ப முற்பட்டது. அமெரிக்கா, ஜப்பான், இங்கிலாந்து ஆகிய நாடுகளில் 1930 முதல் 1980 வரையிலான அரை நூற்றாண்டில் உருவான விண்வெளித் துப்பாக்கிகளும், தகர எந்திர மனிதர்களும், ஒட்டிச் சேர்க்கும் ராக்கெட்டுகளும், வண்ணப் பட அட்டைகளும் இன்று முதியோரால் பெரும்பொருள் கொடுத்துத் தேடப்படுகின்றன. அவர்கள் எதைத் தேடுகின்றனர் என்னும் வினாவுக்கு விடை காண, அப்பொருள்கள் பிறந்த வரலாற்றை முதலில் அறிதல் வேண்டும்.

ஒலி மட்டும் எழுப்பிய துப்பாக்கி

1928 ஆகஸ்டில் ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ என்னும் அமெரிக்க இதழில் பிலிப் பிரான்சிஸ் நௌலன் எழுதிய கதை ஒன்றன் தலைவனே பின்னர்ப் பக் ராஜர்ஸ் எனப் புகழ்பெற்றான். 1929 சனவரியில் அவன் நாளிதழ்ப் படக்கதைக்குள் புகுந்தான். அவ்வாண்டின் இறுதியில் பங்குச் சந்தை வீழ்ந்தது. பெரும் பொருளாதார மந்தம் தொடங்கியது. வேலையும் வருவாயும் இழந்த குடும்பங்களின் பிள்ளைகள், இருபத்தைந்தாம் நூற்றாண்டில் விண்ணில் பறக்கும் வீரனை நாள்தோறும் படித்தனர்.

மிச்சிகன் மாநிலத்துப் பிளிமத் நகரில் காற்றுத் துப்பாக்கி செய்துவந்த டெய்சி நிறுவனம், 1934இல் எக்ஸ் இசட் 31 என்னும் ராக்கெட் கைத்துப்பாக்கியை வெளியிட்டது. அதிலிருந்து குண்டு எதுவும் வெளிவராது. விசையை இழுத்தால் ஒலி மட்டுமே எழும். ஆயினும் அதை வாங்க மக்கள் கடைகளில் வரிசையில் நின்றனர். நிகழ்காலம் வறண்டிருந்தபோது எதிர்காலத்தைப் பொருளாக்கி விற்க இயலும் என்பதைப் பொம்மைத் தொழில் அப்போது கண்டுகொண்டது.

தகரத்தின் மறுபிறப்பு

1945இல் தோல்வியுற்று எரிந்து கிடந்த ஜப்பானில் உலோகம் அரும்பொருளாக இருந்தது. அவ்வாண்டு இறுதியில் ஓட்சு நகரில் கொசுகே என்னும் பொம்மைத் தொழிலர், அமெரிக்கப் படையினர் உண்டு எறிந்த உணவு டப்பாக்களைத் திரட்டித் தட்டி விரித்து, சிறு ஜீப் வண்டிகள் செய்தார். கியோட்டோ நகரின் கடையொன்றில் அவை விரைந்து விற்றுத் தீர்ந்தன. வென்றவர் உண்டு எறிந்த தகரமே வென்றவரின் வண்டி வடிவில் தோற்றவரின் குழந்தைகளுக்கு விளையாட்டாயிற்று. 1947இல் ஏற்றுமதிக்கு இசைவு கிடைத்தது. ‘ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்யப்பட்டது’ என்ற முத்திரை தாங்கிய பொம்மைகள் 1952 வரை கடல் கடந்தன.

இத்தொழிலின் முறை எளிமையானது. தட்டையான தகரத் தகட்டில் முதலில் வண்ணப் படம் அச்சிடப்படும். பின்னர் அத்தகடு வார்ப்புருவில் அழுத்தி வெட்டப்படும். விளிம்பில் விடப்பட்ட சிறு நாக்குகளை மறுதகட்டின் துளையில் நுழைத்து மடக்கினால் உருவம் முழுமை பெறும். எந்திர மனிதனின் மார்பில் காணும் அளவுமானிகளும் திருகாணிகளும் பெரும்பாலும் அச்சுப் படங்களே. உள்ளே தொடக்கத்தில் சாவி கொடுக்கும் சுருள்வில்லும், பின்னர் மின்கலத்தில் இயங்கும் சிறு மோட்டாரும் அமைந்தன.

1940களின் பிற்பகுதியில் வெளிவந்த ‘அணு எந்திர மனிதன்’ இவ்வரலாற்றில் தனித்து நோக்கத்தக்கது. சதுர உடலும் தட்டையான முகமும் கொண்ட இச்சிறு பொம்மையின் பெட்டியில், அணுகுண்டின் காளான் வடிவப் புகைமண்டலம் வரையப்பட்டுள்ளது. இரோசிமாவும் நாகசாகியும் அழிந்து ஐந்தாண்டும் நிறைவுறாத காலம் அது. அழிவுக்கு ஆளான நாடே அவ்வழிவின் படத்தை அட்டையில் அச்சிட்டு, குண்டு வீசிய நாட்டின் குழந்தைகளுக்கு விற்க வேண்டியிருந்தது. வயிற்றுப்பாட்டின் முன் துயரமும் வணிகச் சின்னமாகும் என்பதை இதைவிட வெளிப்படையாகக் கூறும் ஆவணம் அரிது.

‘ரோபோ’ என்னும் சொல்லே துயரத்திற் பிறந்ததுதான். செக் நாடக ஆசிரியர் காரல் சாப்பெக் 1920இல் எழுதிய நாடகத்தின் வழியே அது உலகில் பரவியது. கட்டாய உழைப்பைக் குறிக்கும் செக் சொல்லே அதன் மூலம். உழைப்பாளியின் அடிமைநிலையைக் குறித்த சொல், 1956இல் வெளிவந்த ‘பர்பிடன் பிளானட்’ திரைப்படத்தின் ராபி என்னும் எந்திர மனிதனால் குழந்தைகளின் தோழன் பெயராக மாறியது. ராபியைப் போன்ற உருவங்களை நோமுரா முதலிய ஜப்பானிய நிறுவனங்கள் தகரத்தில் வடித்தன. மசுதயா நிறுவனம் ஏறத்தாழ 38 செ.மீ. உயரமுள்ள ஐந்து பேருருவங்களை வெளியிட்டது. 1957 அக்டோபர் 4இல் சோவியத் நாட்டின் ஸ்புட்னிக் விண்ணில் ஏறியபின், இத்தொழிலுக்கு வானமே விளம்பரப் பலகையாயிற்று எனலாம்.

சோவியத் நாட்டில் இக்கனவு வேறு வடிவம் கொண்டது. அங்குப் புத்தாண்டு மரத்தில் தொங்கவிடும் கண்ணாடி அணிகள் துணைக்கோளாகவும், ராக்கெட்டாகவும், விண்வெளி வீரராகவும் உருமாறின. 1961 ஏப்ரல் 12இல் ககாரின் புவியை வலம்வந்த பின்னர் விண்வெளி, வீட்டுக்குள் ஆண்டுதோறும் திரும்பும் விழாவின் பகுதியாயிற்று.

கையால் கட்டிய எதிர்காலம்

தகரப் பொம்மை ஆயத்தமாக வந்தது. பிளாஸ்டிக் மாதிரிப் பெட்டியோ குழந்தையின் உழைப்பை வேண்டியது. சட்டகத்தில் கொத்தாக ஒட்டியிருக்கும் எண்ணிட்ட பாகங்களை ஒவ்வொன்றாக நறுக்கி எடுத்து, பிசிர் சீவி, பசை தடவி, காயும்வரை அசையாது பிடித்திருக்க வேண்டும். எழுத்துகளும் கொடிகளும் அச்சிட்ட மென்படலங்களை நீரில் ஊறவைத்து, விரல்நுனியால் நகர்த்தி ஒட்ட வேண்டும். பொறுமையற்ற கைகள் கண்ணாடிச் சாளரத்தில் பசை ரேகையைப் பதித்துவிடும்.

1959இல் அமெரிக்காவின் மானோகிராம் நிறுவனம் வெளியிட்ட நான்கு விண்வெளி மாதிரிகளை வடிவமைத்தவர் வில்லி லே. ஜெர்மனியில் பிறந்து, தொடக்கக்கால ராக்கெட் ஆர்வலருள் ஒருவராகத் திகழ்ந்து, 1935இல் நாஜி ஆட்சியை விட்டு நீங்கி அமெரிக்கா சேர்ந்தவர் அவர். பயணிகள் ராக்கெட், விண்வெளி வாடகை வண்டி ஆகியன அவற்றுள் அடங்கும். மனிதன் விண்ணேறுவதற்கு ஈராண்டு முன்பே வாடகை வண்டி வரை சிந்தித்தது அத்தலைமுறை. வில்லி லே 1969 சூன் 24இல் மறைந்தார். நிலவில் மனிதன் கால்வைத்தது சூலை 20இல். வாழ்நாள் முழுதும் எதிர்நோக்கிய நிகழ்ச்சியைக் காண அவருக்கு நான்கு வாரங்கள் கிட்டவில்லை. அவருடைய மாதிரிகளைக் கட்டிய சிறுவர் கண்டனர்.

இங்கிலாந்தில், அங்கேரியிலிருந்து சென்ற நிக்கலஸ் கோவ் 1939இல் நிறுவிய ஏர்ஃபிக்ஸ், அப்பல்லோ கலத்தைச் சிறுவர் மேசைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்காவின் ரெவெல் நிறுவனம் வெளியிட்ட சாட்டர்ன் 5 மாதிரி, 110 மீட்டர் உயரமுள்ள உண்மை ராக்கெட்டின் 96இல் ஒரு பங்கு. அதாவது 1.15 மீட்டர், ஏறக்குறைய ஆறு வயதுக் குழந்தையின் உயரம். தன் உயரத்துக்கு நின்ற ராக்கெட்டைத் தன் கையாலேயே எழுப்பிய பிள்ளைக்கு விண்வெளி தொலைவிலுள்ள ஒன்றாகத் தோன்றியிருக்க வழியில்லை.

தேயிலைப் பொட்டலமும் வெற்று உறையும்

வாங்க வசதியற்ற இல்லங்களுக்கும் விண்வெளி வேறு வழியில் வந்தது. தமிழரும் நன்கறிந்த ப்ரூக் பாண்ட் நிறுவனம் இங்கிலாந்தில் தன் தேயிலைப் பொட்டலங்களுள் வண்ணப் பட அட்டைகளை வைத்தது. 1971இல் வந்த ‘விண்வெளிப் போட்டி’ வரிசையில் 50 அட்டைகள். பொட்டலத்துள் எந்த அட்டை இருக்கும் என்பது தெரியாது. ஆகவே மிகுந்ததைக் கொடுத்துக் குறைந்ததைப் பெறும் பண்டமாற்று பள்ளி முற்றங்களில் வளர்ந்தது. தேநீர் அருந்திய பெற்றோரின் தாகமே பிள்ளையின் வானியல் ஏட்டை நிரப்பியது.

1977 மே மாதம் ‘ஸ்டார் வார்ஸ்’ திரைப்படம் வெளிவந்தபோது, பொம்மை உரிமை பெற்றிருந்த கென்னர் நிறுவனத்தால் கிறித்துமசுக்குள் பொம்மைகளைச் செய்து முடிக்க இயலவில்லை. எனவே அது அட்டை உறை ஒன்றை விற்றது. உள்ளே இருந்தவை நிறுத்துதட்டும் ஒட்டுப்படங்களும், நான்கு உருவங்கள் பின்னர் அஞ்சலில் வரும் என்னும் உறுதிச்சீட்டும் முதலியனவே. உருவங்கள் 1978இன் தொடக்கத்தில் வந்து சேர்ந்தன. குழந்தைகள் அவ்வாண்டு வாங்கியது பொம்மையன்று, காத்திருப்பு. நூற்றாண்டின் விண்வெளிக் கனவு முழுவதற்குமே அவ்வுறை பொருந்தும் உவமையாக உள்ளது.

திறவாமையின் விலை

இப்பொருள்கள் ஒவ்வொன்றுக்கும் அதனதன் மரணம் உண்டு. தகரம் துருப்பிடிக்கும். எடுக்காமல் விட்ட மின்கலம் கசிந்து உட்பகுதியை அரிக்கும். மேட்டல் நிறுவனம் 1966இல் அறிமுகப்படுத்திய மேஜர் மாட் மேசன் என்னும் வளையும் விண்வெளி வீரனின் உள்ளே இருந்த கம்பிகள், மீண்டும் மீண்டும் வளைத்ததால் முறிந்தன. விளையாடிய கைகளே பொம்மையை அழித்தன. எஞ்சியவற்றுட் பல, ஏதோ ஒரு காரணத்தால் விளையாடப்படாதவை.

இங்கேதான் சேகரிப்பு உலகின் முரண் வெளிப்படுகிறது. மசுதயாவின் ஐந்து உருவங்களுள் அரிதான ‘மெஷின் மேன்’ ஏலத்தில் பல பத்தாயிரம் டாலர் பெற்றுள்ளது. பெட்டியோடு கூடிய பொம்மைக்கு மதிப்பு மிகுதி. திறவாத பெட்டிக்கு அதனினும் மிகுதி. பாகங்களை நறுக்காத மாதிரியே விலைபெறும். கட்டி முடித்தது விலை இழக்கும். பெட்டியின் மீது குழந்தை தன் பெயரை எழுதியிருந்தால் அதுவும் குறையே. பிள்ளைமையின் நினைவாகத் தேடப்படும் பொருள்களுள், எந்தப் பிள்ளையும் தொடாததற்கே முதலிடம் என்பது சிந்தனைக்குரியது.

இதனைப் பேராசை என்று மட்டும் கூறி அமைவது பொருந்தாது. 1959இல் பத்து வயதில் வில்லி லேயின் ராக்கெட்டை ஒட்டிய சிறுவன், 1972 டிசம்பரில் கடைசி அப்பல்லோ வீரர் நிலவை விட்டுப் புறப்பட்டபோது இருபத்துமூன்று வயது இளைஞன். அதன்பின் அரை நூற்றாண்டு நிலவில் மனிதக் காலடி படவில்லை. அவனுக்கு வாக்களிக்கப்பட்ட வாடகை வண்டி வரவேயில்லை. ஆகவே திறவாத பெட்டியைத் தேடுவோர் கழிந்த இளமையை மட்டும் தேடவில்லை. வாக்குறுதி இன்னும் பொய்க்காமல் இருந்த அந்நாளைத் தேடுகின்றனர். பெட்டி திறக்கப்படாதவரை எதிர்காலம் உள்ளேயே இருக்கிறது.

நிறைவுரை

இவ்வேக்கம் மதிக்கத்தக்கது, எனினும் வரலாற்றுக்கு அது மட்டும் போதாது. வாஷிங்டன் நகரின் தேசிய விமான விண்வெளி அருங்காட்சியகம் பக் ராஜர்ஸ் பொம்மைகளைப் போற்றி வைத்துள்ளது. கிதஹாரா தெருஹிசா 1986இல் யோகஹாமாவில் தகரப் பொம்மைகளுக்கெனவே அருங்காட்சியகம் திறந்தார். இத்தகைய இடங்களில் பளபளக்கும் உருவங்களோடு, கையொடிந்தவையும் பசை வழிந்தவையும் இடம்பெறுதல் வேண்டும். புதிய பொம்மை தொழிற்சாலையின் வரலாற்றைச் சொல்லும். தேய்ந்த பொம்மையே குழந்தையின் வரலாற்றைச் சொல்லும்.

கொடுமணலிலும் கீழடியிலும் கிடைத்த பானை ஓடுகளுள், எவரோ தம் பெயரைக் கீறிவைத்தவற்றையே அறிஞர் பெரிதும் போற்றுகின்றனர். முழுப் பானையினும் பெயருள்ள ஓடு அதிகம் பேசுகிறது. ராக்கெட் பெட்டியின் மூலையில் கோணல் எழுத்தில் எழுதப்பட்ட சிறுவனின் பெயர் ஏலக்காரருக்குக் குறையாகத் தோன்றலாம். வரலாறு எழுதுவோருக்கு அதுவே கல்வெட்டு.