நாற்பது வருடம் நடந்த கொலை வழக்கு

வங்கிக்காரனுக்குக் 'காலாவதி' என்ற வார்த்தையைக் கேட்டாலே வயிற்றைக் கலக்கும். கடன்காரரிடம் மூன்று வருடத்துக்குள் ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்து வாங்கவில்லை என்றால், பிறகு கோர்ட்டுக்குப் போய்ப் பயனில்லை. கொலைக்கு அந்தக் கெடு கிடையாது. எத்தனை வருடம் கழித்தும் தண்டிக்கலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், நான் மாற்றலாகி வந்திருக்கும் இந்த பீகாரில் நடந்த ஒரு கொலையின் கதை வேறு மாதிரி.

1975 ஜனவரி 2. சமஸ்திபூர் ரயில் நிலையத்தில் முசாபர்பூருக்கான பிராட்கேஜ் பாதைத் திறப்பு விழா. ரயில்வே அமைச்சர் லலித் நாராயண் மிஸ்ரா பேசி முடித்து மேடையை விட்டு இறங்கும் நேரத்தில் குண்டு வெடித்தது. பக்கத்தில் தர்பங்காவில் மருத்துவக் கல்லூரி இருக்க, அவரை ரயிலில் ஏற்றி தானாப்பூருக்குக் கொண்டு போனார்கள். மறுநாள் இறந்துவிட்டார். ஏன் தானாப்பூர் என்று இங்கே பெரியவர்கள் இன்றும் கேட்கிறார்கள்.

முதலில் பீகார் சி.ஐ.டி. இரண்டு பேரைப் பிடித்தது. வாக்குமூலம்கூட வந்துவிட்டது. வழக்கு சி.பி.ஐ. கைக்குப் போனதும் அவர்கள் கழன்றுகொள்ள, ஆனந்த மார்க்கத்தைச் சேர்ந்தவர்கள் உள்ளே வந்தார்கள். காரணம் பழிவாங்கல். அவர்களுடைய குரு பி.ஆர். சர்க்கார் 1971 கடைசியில் கொலை வழக்கில் கைதாகி பாட்னா சிறையில் இருந்தார். அந்தக் கோபத்தில், அவரை விடுவிக்க அரசை மிரட்டுவதற்காகச் செய்தார்கள் என்பது சி.பி.ஐ. தரப்பு. வேடிக்கை என்னவென்றால் குருவை 1978ல் பாட்னா உயர் நீதிமன்றம் விடுதலை செய்துவிட்டது. அவருக்காகப் பழிவாங்கியதாகச் சொல்லப்பட்ட வழக்கோ அதற்குப் பிறகும் 36 வருடம் ஓடியது!

1979ல் உச்ச நீதிமன்றம் வழக்கை டெல்லிக்கு மாற்றியது. அதே வருடம், பீகார் அரசு கேட்டுக்கொண்டபடி ஆவணங்களைப் பார்த்த முன்னாள் நீதிபதி தார்க்குண்டே, ஆனந்த மார்க்கிகள் மேல் போடப்பட்டது பொய் வழக்கு என்று அறிக்கை கொடுத்தார். வழக்கு நிற்கவில்லை. இருநூறுக்கும் மேல் சாட்சிகள். இருபதுக்கும் மேற்பட்ட நீதிபதிகள் மாறினார்கள். ஒருவர் ஃபைலைப் படித்து முடிப்பதற்குள் அவருக்கு டிரான்ஸ்ஃபர் வந்துவிடும் (நமக்குத் தெரியாததா!).

குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவர் ரஞ்சன் துவிவேதி, வழக்கறிஞர். கைதானபோது வயது 27. இவ்வளவு காலம் ஓடியதே போதும், வழக்கை ரத்து செய்யுங்கள் என்று உச்ச நீதிமன்றம் போனார். 2012ல் நீதிமன்றம் மறுத்துவிட்டது. தாமதம் என்ற ஒரே காரணத்துக்காக ரத்து செய்ய முடியாது, வாய்தா கேட்டதில் உங்கள் தரப்புக்கும் பங்கு உண்டு என்றது. சட்டப்படி சரிதான். கொலை வழக்கை இழுத்தடித்தே தப்பிக்கலாம் என்று ஆகிவிட்டால் பணமுள்ளவன் எல்லாம் அதையே செய்வான். ஆனாலும் வாய்தா கேட்டவனை மட்டும் குறை சொல்வது எனக்கு ஒப்பவில்லை. கேட்டபோதெல்லாம் கொடுத்தது யார்?

கடைசியில் 2014 டிசம்பரில் டெல்லி நீதிமன்றம் நான்கு பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. துவிவேதி உட்பட நால்வருமே அறுபதைத் தாண்டியிருந்தார்கள்.

இதில் என்னை உறுத்துவது வயது அல்ல. மிஸ்ராவின் குடும்பத்தாருக்கே இந்தத் தீர்ப்பில் திருப்தி இல்லை. இவர்கள் செய்யவில்லை, உண்மையான ஆள் வேறு என்றுதான் அவர்கள் பல வருடங்களாகச் சொல்லி வந்தார்கள். இறக்கும் சமயத்தில் மிஸ்ரா மேல் இறக்குமதி லைசென்ஸ் ஊழல் புகார் பார்லிமெண்டில் புயலைக் கிளப்பியிருந்தது. அதனால் யாருக்கு அவர் வாய் திறப்பது பிடிக்கவில்லை என்று ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். வழக்கு இரண்டு மூன்று வருடத்தில் முடிந்திருந்தால், சாட்சிகளுக்கு எல்லாம் நினைவிருக்கும்போதே அந்தப் பேச்சுகளையும் சோதித்துப் பார்த்திருக்கலாம். இப்போது சோதிக்க ஆள் ஏது? தண்டனை பெற்றவர்கள் நிரபராதி என்கிறார்கள், இறந்தவர் வீட்டாரும் அதையே சொல்கிறார்கள். இடையில் தீர்ப்பு மட்டும் தனியாக நிற்கிறது.

நால்வரும் டெல்லி உயர் நீதிமன்றத்தில் அப்பீல் செய்தார்கள். மிஸ்ராவின் பேரன், வழக்கை முதலிலிருந்து விசாரிக்கச் சொல்லி நீதிமன்றப் படி ஏறினார்.