மலை மேல் ஒரு வரலாறு, தோட்டத்தில் ஒரு வரலாறு



கோலசிலாங்கூர் என்றவுடன் நமக்கு என்ன நினைவுக்கு வருகிறது? குரங்குகளுக்குத் தீனி போட்டது, கம்போங் குவாந்தானில் இரவில் படகேறி மின்மினிப் பூச்சி பார்த்தது, பாசிர் பெனாம்பாங்கில் மீன் சாப்பிட்டது. பள்ளிச் சுற்றுலா போன பிள்ளைகள் புக்கிட் மலாவத்தி மலையில் பீரங்கிப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு வந்திருப்பார்கள். அதே மலையில் ஒரு சின்ன அருங்காட்சியகம் இருக்கிறது. மாவட்ட வரலாற்று அருங்காட்சியகம். அதற்குள் நுழைந்து பத்து நிமிடம் நின்று பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

அந்த மலையின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிலாங்கூர் ஆறு கடலில் கலக்கும் இடத்தைக் காவல் காக்கும் மலை அது. 1784-இல் டச்சுக்காரர்கள் அதைப் பிடித்து, பத்தாவியாவில் இருந்த தங்கள் ஆளுநரின் பெயரால் 'அல்டிங்ஸ்பர்க்' என்று அழைத்தார்கள். அடுத்த ஆண்டே சுல்தான் இப்ராஹிம் பகாங் படையின் துணையோடு அதை மீட்டார். சிலாங்கூரின் முதல் மூன்று சுல்தான்களும் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். இன்று நாம் பார்க்கும் கலங்கரை விளக்கம் 1907-இல் வந்தது.

இவ்வளவும் நமக்கு எப்படித் தெரிகிறது? கோட்டைச் சுவர் மிஞ்சியது, பீரங்கி மிஞ்சியது, கல்லறை மிஞ்சியது. டச்சுக்காரன் கடிதம் எழுதி வைத்தான். பொருளும் எழுத்தும் இருந்தால்தான் வரலாறு நிற்கும்.

இப்போது மலையை விட்டுக் கீழே இறங்குங்கள். புக்கிட் ரோத்தான், ஜெராம், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை வரை நூறு ஆண்டுகளுக்கு மேல் தோட்டங்கள்தான். அந்தக் காட்டை வெட்டியவர்களில், வாய்க்கால் தோண்டியவர்களில், கித்தா மரம் சீவியவர்களில் நம் மக்கள் எத்தனை ஆயிரம் பேர்! அவர்கள் வரலாற்றுக்குக் கோட்டையும் இல்லை, கல்லறைக் கல்வெட்டும் இல்லை. கிராணியின் செக்ரோலில் பெயர் ஏறியது. அதுவும் சம்பளக் கணக்குக்காக.

ஓர் உதாரணம் சொல்கிறேன். 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் ஒரு தோட்டம் இருக்கிறது. அதன் பெயர் தென்னமரம். மலாய்ப் பெயரில்லை, ஆங்கிலப் பெயரில்லை, அசல் தமிழ். அதிலும் 'தென்னைமரம்' என்ற ஏட்டுத் தமிழ்கூட இல்லை, நம் பாட்டிமார் வாயில் வருகிற பேச்சுத் தமிழ். மலேசியாவில் வணிக முறையில் முதன்முதலாகச் செம்பனை பயிரிடப்பட்டது இந்தத் தோட்டத்தில்தான். ஆண்டு 1917.

பயிரிட்டவர் ஹென்றி ஃபோக்கொனியே என்ற பிரெஞ்சுக்காரர். 1905-இல் மலாயாவுக்கு வந்து, கோலசிலாங்கூருக்கு அருகே ரந்தாவ் பாஞ்சாங்கில் கித்தாத் தோட்டம் போட்டவர். சுமத்ராவிலிருந்து வந்த செம்பனை விதைகளை முதலில் அங்கே அழகுக்காக நட்டார். பிறகுதான் தென்னமரம் தோட்டத்தில் பயிராக இறக்கினார். இந்த மண்ணை வைத்து அவர் எழுதிய நாவலுக்கு 1930-இல் பிரான்சின் புகழ்பெற்ற கொன்கூர் பரிசு கிடைத்தது. 2017-இல் நாட்டின் செம்பனைத் தொழிலுக்கு நூறு வயது என்று கொண்டாடினார்கள்.

துரையின் பெயர் நமக்குத் தெரிகிறது. விதை வந்த வழி தெரிகிறது. அந்தக் கன்றுகளை 1917-இல் குழி தோண்டி நட்ட கைகள் யாருடைய கைகள்? ஒரு பெயராவது நம்மால் சொல்ல முடியுமா? தோட்டத்தின் பெயரில் மட்டும் நம் மொழி ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இன்னொன்று, 1941. கிள்ளான் தோட்டங்களில் தொடங்கிய வேலை நிறுத்தம் கோலசிலாங்கூர் பக்கமும் பரவியது. முன்னின்று நடத்தியது கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம். அதன் தலைவர்களில் ஒருவரான ஆர்.எச். நாதன் பத்திரிகைக்காரர், 'தமிழ் நேசன்' நாளிதழில் பணியாற்றியவர். கேட்டது என்ன தெரியுமா? சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலியை எங்களுக்கும் கொடு. பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளிக்கூடம் வேண்டும். மருத்துவ வசதி வேண்டும். எங்கள் பெண்களிடம் வாலாட்டாதே. கள்ளுக்கடையை மூடு. துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்து.

அந்தக் கடைசிக் கோரிக்கையை நினைத்துப் பாருங்கள். காசு செலவில்லாத கோரிக்கை அது. மானத்துக்காகக் கேட்டது. மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டார். வேலை நிறுத்தம் பெருகியது. சிலாங்கூரில் அவசரகாலம் அறிவித்துப் படையை இறக்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் 5 தொழிலாளர்கள் உயிர் விட்டார்கள். நாதனை இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் ஜப்பான்காரன் வந்துவிட்டான். அடுத்து சயாம் மரண ரயில். போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பவே இல்லை.

1941-இல் பத்து வயதுப் பிள்ளையாக இருந்தவர் இன்று தொண்ணூறைத் தாண்டியிருப்பார். நேரில் பார்த்ததைச் சொல்ல இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள்? நமக்கு இருக்கும் அவகாசம் அவ்வளவுதான்.

கித்தாவை அழித்துச் செம்பனை வந்தது. செம்பனைக்குக் கித்தா அளவுக்கு ஆள் தேவையில்லை. நம் மக்கள் பட்டணத்துக்குப் பெயர்ந்தார்கள். லயத்து வீடுகள் இடிந்தன. சில தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. இனி அங்கே போய் எதைக் காட்டிப் பிள்ளைகளுக்குக் கதை சொல்வது?

அதனால்தான் சொல்கிறேன், அருங்காட்சியகம் நம் வீட்டுப் பரண்மேல் இருக்கிறது. பால்வெட்டும் உளி, மங்கு, பால்வாளி, காண்டாக் கம்பு, அதிகாலைப் பெரட்டுக்குப் போகும்போது தலையில் கட்டிய விளக்கு, ஏதாவது ஒன்று இருக்கும். துருப்பிடித்துவிட்டது என்று பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிடாதீர்கள். ஒரு அட்டையில் எழுதிக் கட்டுங்கள். யார் பயன்படுத்தியது, எந்தத் தோட்டம், எந்த ஆண்டு வாக்கில். அந்த மூன்று வரி இல்லாவிட்டால் அது வெறும் இரும்பு. இருந்தால் அது சான்று.

இரண்டாவது, வீட்டுப் பெரியவரிடம் உட்காருங்கள். கையில் இருக்கும் தொலைபேசியே போதும், பதிவு செய்யலாம். "வரலாறு சொல்லுங்க" என்று கேட்டால் "எனக்கு என்னப்பா தெரியும்" என்பார்கள். "எத்தனையாவது நிரையில வெட்டுனீங்க? கங்காணி எந்த ஊர்க்காரர்? ஆயாக் கொட்டகையில யார் பிள்ளை பார்த்தது? சயாமுக்கு யார் யாரைக் கூட்டிட்டுப் போனாங்க?" என்று கேளுங்கள். துரை தோட்டத்துக்கு வைத்த பெயர் ஒன்று, நம் சனங்கள் கூப்பிட்ட பெயர் இன்னொன்று. அதையும் கேளுங்கள்.

மூன்றாவது, காகிதங்கள். பழைய பிறப்புப் பத்திரம், சிவப்பு அடையாள அட்டை, கோயில் திருவிழா நோட்டீஸ், தமிழ்ப்பள்ளி வகுப்புப் படம். படத்தின் பின்பக்கம் பெயர்களை இன்றே எழுதுங்கள். பிரதி எடுத்து மாவட்ட அருங்காட்சியகத்துக்கோ தேசிய ஆவணக் காப்பகத்துக்கோ கொடுங்கள். கொடுக்காமலே "எங்களைப் பற்றி ஒன்றும் வைக்கவில்லை" என்று குறை சொல்வதில் பயனில்லை.

அடுத்த முறை கோலசிலாங்கூருக்குப் போனால் மலைமேல் ஏறுங்கள், பிள்ளைகளுக்கு அந்தக் கோட்டையைக் காட்டுங்கள். அது நம் நாட்டின் வரலாறு. திரும்பும்போது தோட்டப் பாதை வழியாக வாருங்கள். தென்னமரம் என்ற பெயர்ப்பலகை கண்ணில் பட்டால் வண்டியை நிறுத்தி, பிள்ளையை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். "ஏம்ப்பா, செம்பனைத் தோட்டத்துக்குத் தென்னமரம்னு பேரு?" என்று அது கேட்கும். பதில் சொல்ல நீங்கள் தயாராக இருக்க வேண்டும்.