அரிவாள் செல் வலி நெருக்கடியில் இரத்த ஓட்டம்

அரிவாள் செல் நோயாளிகளுக்குத் திடீரென வரும் கடும் வலித் தாக்குதல் வலி நெருக்கடி எனப்படும். நுண்ணிய இரத்தக் குழாய்களில் ஓட்டம் அடைபட்டு, திசுக்களுக்கு ஆக்சிஜன் கிட்டாமல் போவதே இதற்குக் காரணம். முதுகு, மார்பு, கை கால் எலும்புகளில் வலி மிகும். கைக்குழந்தைகளுக்கு விரல்கள் வீங்குவதே பல வேளைகளில் முதல் அறிகுறி.

அடைப்பு உருவாகும் விதம்

ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாம் இடத்துக் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வாலின் அமைவதால் ஹீமோகுளோபின் எஸ் உண்டாகிறது. ஆக்சிஜனை இழந்ததும் இதன் மூலக்கூறுகள் இழைகளாகக் கோத்துக்கொள்ள, சிவப்பணு விறைத்து அரிவாள் போல வளைகிறது. ஆனால் இழை கோக்கச் சிறிது நேரம் பிடிக்கும். அதற்குள் பெரும்பாலான அணுக்கள் நுண்குழாய்களைக் கடந்து நுரையீரலுக்குத் திரும்பிவிடும். ஓட்டம் தாமதித்தால் அணு வழியிலேயே விறைத்துவிடும்.

இத்தாமதம் பெரும்பாலும் நுண்குழாயை அடுத்த நுண்சிரைகளில் தொடங்குகிறது. அங்கே வெள்ளணுக்களும் இளம் சிவப்பணுக்களும் உட்சுவரில் ஒட்டி வழியைக் குறுக்குகின்றன. 7–8 மைக்ரான் அகலமுள்ள இயல்பான சிவப்பணு நெளிந்து நுழைந்துவிடும். விறைத்த அணுவோ பின்னால் தேங்கும். சிதைந்த அணுக்களிலிருந்து வெளியேறும் ஹீமோகுளோபின், குழாயை விரிக்கும் நைட்ரிக் ஆக்சைடை அழித்து, குழாய் சுருங்க வழிசெய்கிறது. ஓட்டம் மீளும்போது எழும் அழற்சியும் திசுவைப் புண்படுத்தும்.

தூண்டுபவை

குளிரில் குழாய்கள் சுருங்கும். நீரிழப்பால் அணுவுக்குள் ஹீமோகுளோபின் செறிவு சற்றே கூடினாலும் இழை கோக்கும் நேரம் பல மடங்கு குறைந்துவிடும். தொற்றுக் காய்ச்சல், கடும் உழைப்பு, மன அழுத்தம் ஆகியவையும் தூண்டக்கூடியவை.

சிகிச்சை

நெருக்கடியின்போது மார்பின் உள்ளிட்ட வலிநிவாரணிகளும் போதிய நீரும் தரப்படும். ஹைட்ராக்சியூரியா மாத்திரை கருக்கால ஹீமோகுளோபினைக் கூட்டி இழை கோப்பதைத் தாமதப்படுத்துகிறது; வெள்ளணுக்களையும் குறைக்கிறது. இரத்தம் ஏற்றுவதில் கவனம் தேவை. ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 10 கிராமை வெகுவாகத் தாண்டினால் இரத்தம் தடித்து ஓட்டம் மேலும் மந்தமாகலாம்.

இந்தியாவில்

அரிவாள் செல் மரபணுவை இந்தியாவில் முதன்முதலில் நீலகிரிப் பழங்குடியினரிடம் கண்டதாக லேமன், கட்புஷ் இருவரும் 1952-இல் அறிவித்தனர். இந்நோயை 2047-க்குள் ஒழிக்கும் தேசிய இயக்கம் 2023 ஜூலையில் தொடங்கப்பட்டது. தமிழ்நாடு உட்பட 17 மாநிலங்களில் 40 வயது வரையிலான 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பது அதன் இலக்கு.