தீவகத்தின் சாயவேர்

யாழ்ப்பாணத் தீவகத்தின் நெசவு வரலாற்றைத் தறியிலிருந்து தொடங்குவதைவிட மணலிலிருந்து தொடங்குவதே பொருத்தமாகும். ஊர்காவற்றுறை, நெடுந்தீவு, காரைதீவு முதலிய இடங்களின் வறண்ட கரையோர நிலங்களில் தானாகவே முளைத்த சாயவேர் என்னும் சிறு பூண்டுதான், பாக்கு நீரிணையின் இரு கரைகளிலும் நெய்யப்பட்ட பருத்தித் துணிகளுக்கு அழியாச் சிவப்பைக் கொடுத்த மூலப்பொருள்களுள் முதன்மையானது. தமிழ் மருத்துவ நூல்களில் இம்பூறல் எனப்படும் இப்பூண்டு குறுகிய இலைகளும் மிகச் சிறிய வெண்பூக்களும் கொண்டு தரையோடு படர்வது. அதன் பயனெல்லாம் மணலுக்குள் நேராக இறங்கும் மெல்லிய வேரின் பட்டையிலேயே அடங்கியிருந்தது.

வேரை மட்டும் அவித்து அதில் துணியைத் தோய்த்தால் நிறம் நிலைப்பதில்லை. துணியைக் கடுக்காய்ச் சாற்றிலும் பாலிலும் ஊறவைத்து, சிவப்பு வேண்டிய இடங்களில் படிகாரக் கரைசலையும், கறுப்பு வேண்டிய இடங்களில் வெல்லநீரில் இரும்பை ஊறவைத்து எடுத்த கரைசலையும் இட்ட பின்னரே சாயக்காரர் அதனை வேர்நீரில் கொதிக்கவைத்தனர். படிகாரம் வேரின் நிறப்பொருளைப் பஞ்சிழையோடு பிணைத்ததனால், வண்ணானின் கல்லுக்கும் கடும் வெயிலுக்கும் அந்தச் சிவப்பு ஈடுகொடுத்தது. சோழமண்டலக் கரையின் இத்தொழில்நுட்பத்தைக் கர்தூ என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1742இல் எழுதிய கடிதத்தில் படிப்படியாக விவரித்து ஐரோப்பாவுக்கு அறிவித்தார்.

தீவகம் கடல் வாணிகத்தோடு கொண்டிருந்த உறவு மிகத் தொன்மையானது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் இலங்கை மன்னன் முதலாம் பராக்கிரமபாகு நயினாதீவில் பொறித்த தமிழ்க் கல்வெட்டு, ஊராத்துறை என அழைக்கப்பட்ட ஊர்காவற்றுறைக்கு வரும் பிறநாட்டு வணிகருக்குக் காப்பளிப்பதோடு, உடைந்த கலங்களின் பண்டங்களில் அரசுக்குரிய பங்கையும் வகுத்துரைக்கின்றது. இத்தகைய துறையை முகத்திற்கொண்ட தீவுகளில் கிடைத்த வேர், கடலுக்கு அப்பாலும் விலைபோகும் சரக்காக இருந்ததில் வியப்பில்லை.

1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், வேலணைத் தீவுக்கு லெய்டன் என்றும் நெடுந்தீவுக்கு டெல்ஃப்ட் என்றும் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டியதோடு, சாயவேரையும் தங்கள் கிழக்கிந்தியக் கம்பெனியின் உரிமையாக்கிக்கொண்டனர். வேர் கிண்டுவது குறித்த சாதியினர்மீது சுமத்தப்பட்ட ஊழியமாயிற்று. அவர்கள் வெயிலிலும் காற்றிலும் மணலைக் கிளறி, வேர் அறுந்துவிடாமல் எடுத்து, உலர்த்திக் கட்டிய கட்டுகளை நிர்ணயித்த விலைக்கே ஒப்படைக்கவேண்டியிருந்தது. அக்கம்பெனியின் யாழ்ப்பாண ஆளுகையை நடத்திய சுவார்டெகுரோன் 1697இல் விட்டுச்சென்ற நினைவுக் குறிப்பு, வேரைத் தனி வருவாய்ப் பொருளாகவே கருதுகின்றது. ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கத்திலும் இவ்வேர் அரசுக்குரிய பண்டமாகவே நீடித்ததை இலங்கை பற்றி 1817இல் நூல் வெளியிட்ட பெர்டோலாச்சியின் விவரங்கள் காட்டுகின்றன.

இத்தொழிலை வீழ்த்தியது தீவகத்திற்கு வெகுதொலைவில் நிகழ்ந்த மாற்றமாகும். இங்கிலாந்தின் ஆலைத்துணி கைத்தறியை ஏற்கெனவே நெருக்கியிருந்த நிலையில், 1868இல் ஜெர்மானிய வேதியியலாளரான கிரேபேயும் லீபர்மனும் சாயவேரின் சிவப்புக்கு மூலமான அலிசரினை ஆய்வுகூடத்தில் உருவாக்கினர். அடுத்த சில ஆண்டுகளிலேயே மலிவான செயற்கைச் சாயம் சந்தைகளை நிறைத்தது. குவாத்தமாலாவின் மாயா மக்களின் கைநெசவுக்கும் நிறமூட்டிய, கள்ளிச்செடியில் வளரும் பூச்சியிலிருந்து எடுக்கப்பட்ட மத்திய அமெரிக்கச் சிவப்பும் அதே நூற்றாண்டில் செயற்கைச் சாயங்களுக்கு வழிவிட்டது.

எனினும் இவ்விரு மரபுகளுக்கும் நேர்ந்த பின்விளைவு ஒன்றன்று. குவாத்தமாலா மலையூர்களில் சாயம் மாறியபின்னும் ஒவ்வோர் ஊரும் தன் கோலத்தை ஆடையில் நெய்துகாட்டுவதால் நெசவாளரின் பெயர் நிலைத்தது. தீவகத்து வேரோ பிற ஊர்களில் நெய்யப்பட்ட துணிகளில் கலந்துபோனமையால், அத்துணிகளின் புகழ் நெய்த ஊர்களையும் விற்ற கம்பெனிகளையும் சேர்ந்தது. ஆகவே தென்னாசியத் துணி வரலாறு நெய்தவரையும் சாயமிட்டவரையும் வணிகரையும் மட்டும் கணக்கிட்டால் முழுமைபெறாது. கட்டாய ஊழியமாக மணலைக் கிண்டிய தீவகத்து உழைப்பாளருக்கும் அதில் உரிய இடம் வழங்கப்படவேண்டும்.